ஏதெனியன் லீக் (1912–1984): நம்ம ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் கால்பந்து பேசுகிற கூட்டத்தில் பேச்சு எப்போதும் பிரீமியர் லீக்கில்தான் தொடங்கும். நான்தான் அதைப் பழைய லண்டன் புறநகர் லீக்குகள் பக்கம் இழுத்துக்கொண்டு போகிற ஆள். கேட்கிற ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதி, கீழே பதிலையும் போட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியே நிற்கின்றன.

ஏதெனியன் லீக்னா என்னண்ணே? கிரீஸ்ல நடந்ததா?

இல்லை. பெயரைத் தவிர கிரீஸுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. லண்டனின் வெளிவட்டத்திலும், அதை ஒட்டிய எசெக்ஸ், மிடில்செக்ஸ், சர்ரே, கென்ட் பகுதிகளிலும் இருந்த அமெச்சூர் கிளப்புகள் ஆடிய லீக் இது. 1912-13 முதல் சீசன். அந்த வருடம் கேட்ஃபோர்ட் சவுத்எண்ட் என்ற கிளப் சாம்பியன். இரண்டு உலகப் போர்களின்போதும் நின்று, திரும்பவும் தொடங்கி, 1984-ல் ஒரேயடியாக மூடப்பட்டது.

ஊர்களை மனதில் கொண்டுவர வேண்டுமானால் பசுமலை, திருநகர், ஹார்விபட்டி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தனி ஊருக்குரிய பெருமை இருக்கும். பிழைப்புக்கு நகரத்துக்கு ஓட வேண்டும். வார நாளில் ரயில் பிடித்து வேலைக்குப் போகிற ஆட்கள்தான் சனிக்கிழமை மதியம் பூட்ஸ் மாட்டினார்கள்.

மதுரைல உக்காந்துக்கிட்டு அதை எதுக்கு நாம தெரிஞ்சுக்கணும்?

கட்டாயம் ஒன்றுமில்லை. ஆனால் லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் அவர்கள் முகவரியைக் கேட்டுப் பாருங்கள். ஹாரோ, டூட்டிங், இல்ஃபோர்ட், ஈஸ்ட் ஹாம், சட்டன் என்றுதான் பெரும்பாலும் வரும். இன்றைக்குத் தமிழர்கள் வீடு பிடிக்கிற அதே வெளிவட்டம்தான் அந்தக் கால அமெச்சூர் கால்பந்தின் வரைபடமும். அங்கே மளிகை வாங்கப் போகும் சூப்பர் மார்க்கெட்டின் இடத்தில் ஒரு காலத்தில் கோல் போஸ்ட் இருந்திருக்கலாம். சும்மா சொல்லவில்லை, பின்னால் வருகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அமெச்சூர் ஆட்டம், அதற்குள் ஒளிந்திருந்த காசு, வேலை கொடுத்து ஆள் பிடிப்பது, மைதானத்தை விற்பது எல்லாம் நமக்கும் பழக்கமான சங்கதிகள். அடுத்தவன் ஊரில் நடந்ததைப் பார்க்கும்போது கொஞ்சம் நிதானமாகப் பேச முடிகிறது.

அமெச்சூர்னா சுமாரா ஆடுறவங்கதானே?

இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும். அமெச்சூர் என்பது ஆட்டத்தின் தரத்தைச் சொல்வது இல்லை, சம்பளத்தைச் சொல்வது. இங்கிலாந்தில் சம்பளம் வாங்கி ஆடலாம் என்று 1885-ல் எஃப்.ஏ., அதாவது அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், அனுமதி கொடுத்தது. அதற்குப் பிறகு இரண்டு வகை ஆட்டக்காரர்கள்: சம்பளம் வாங்குகிறவர்கள், வாங்காதவர்கள். வாங்காதவர்களுக்கென்று 1893-94 முதல் தனிக் கோப்பை, எஃப்.ஏ. அமெச்சூர் கோப்பை. அவர்களுக்குத் தனி இங்கிலாந்து அணியே இருந்தது.

தரம் எப்படி என்று கேட்டால் ஓர் உதாரணம். செல்சி முதன்முதலாக லீக் பட்டம் வென்றது 1954-55-ல். அந்த அணியில் ஜிம் லூயிஸ் என்பவர் அமெச்சூராகவே ஆடினார். அவர் வால்தம்ஸ்டோ அவென்யூ கிளப்பிலிருந்து வந்தவர். 1930-களில் ஏதெனியன் லீக்கை ஆட்டிப்படைத்த கிளப் அது. 1953 ஜனவரியில் இந்த வால்தம்ஸ்டோ அவென்யூ, எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டின் சொந்த மைதானத்துக்கே போய் 1-1 என்று டிரா செய்துவிட்டு வந்தது. மறு ஆட்டத்தில் 5-2 என்று தோற்றார்கள், அது வேறு விஷயம்.

எந்தெந்த கிளப்பு ஆடுச்சு? எங்களுக்குத் தெரிஞ்ச பேரு ஏதாவது இருக்கா?

இருக்கிறது. பார்னெட் தொடக்கத்திலிருந்தே உண்டு, அப்போது பெயர் பார்னெட் அண்ட் ஆல்ஸ்டன். விம்பிள்டன் முதல் உலகப் போர் முடிந்ததும் 1919-லிருந்து இரண்டு சீசன் ஆடிவிட்டு இஸ்த்மியன் லீக்குக்குப் போய்விட்டது. ஆமாம், 1988-ல் லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கிய அதே விம்பிள்டன். சட்டன் யுனைடெட், பிராம்லி, ஹெண்டன், என்ஃபீல்ட், வெல்ட்ஸ்டோன், ஹேய்ஸ், சவுத்ஹால், ஃபின்ச்லி, டூட்டிங் அண்ட் மிச்சம், லெய்ட்டன் என்று பட்டியல் நீளும்.

இஸ்த்மியன், ஏதெனியன், கொரிந்தியன்னு ஏன் இத்தனை கிரேக்கப் பேரு? ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா?

சம்பளமில்லாத விளையாட்டு என்றால் பழைய கிரேக்க விழாக்கள்தான் அந்தக் கால ஆங்கிலேயருக்கு நினைவு வரும். அதனால் ஆளுக்கொரு கிரேக்கப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். இஸ்த்மியன் 1905, ஸ்பார்ட்டன் 1907, ஏதெனியன் 1912, கொரிந்தியன் 1945, டெல்ஃபியன் 1951. இஸ்த்மியன் லீக்காரர்கள் ஒரு படி மேலே போய், கௌரவமே போதும் என்பதைக் கொள்கையாக வைத்து, சாம்பியனுக்குக் கோப்பைகூடக் கொடுக்காமல் இருந்தார்கள்.

ஒன்றுக்குக் கீழ் ஒன்றா என்றால், ஊர் வழக்கில் ஆமாம், சட்டப்படி இல்லை. இஸ்த்மியன்தான் உயர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏதெனியன் சாம்பியன் தானாக மேலே ஏறுகிற ஏற்பாடு கிடையாது. மேல் லீக்கில் இடம் காலியாக வேண்டும், அவர்கள் கூப்பிட வேண்டும். 1945-ல் வால்தம்ஸ்டோ அவென்யூவும் ரோம்ஃபோர்டும் அப்படித்தான் இஸ்த்மியனுக்குப் போயின. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லீக் ஏன் மூடப்பட்டது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது.

கூட்டமெல்லாம் வருமா? இல்ல ஆடுறவன் வீட்டு ஆளுக மட்டுந்தானா?

1949-ல் அமெச்சூர் கோப்பை இறுதி ஆட்டத்தை முதல் தடவையாக வெம்ப்ளியில் வைத்தார்கள். பிராம்லி 1-0 ரோம்ஃபோர்ட். பார்த்தவர்கள் 90 ஆயிரத்துக்கும் மேல். பிராம்லி அந்த வருடம் ஏதெனியன் லீக் சாம்பியனும்கூட. 1952 இறுதி ஆட்டம் இன்னும் விசேஷம்: வால்தம்ஸ்டோ அவென்யூவும் லெய்ட்டனும், இரண்டுமே கிழக்கு லண்டன் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். கூடுதல் நேரத்தில் 2-1 என்று அவென்யூ ஜெயித்தது. கூட்டம் ஒரு லட்சம். சம்பளம் வாங்காத இரண்டு பேட்டைக் கிளப்புகளுக்கு ஒரு லட்சம் பேர்!

சாதாரண லீக் ஆட்டத்துக்கு அந்தக் கூட்டம் வராதுதான். ஆனாலும் பிராம்லி மைதானத்தின் அதிகபட்சக் கூட்டமாகச் சொல்லப்படுவது 1949 செப்டம்பரில் சுற்றுப்பயணம் வந்த நைஜீரிய அணியோடு ஆடிய ஆட்டம். பத்தாயிரத்துக்கும் மேல். அந்த நைஜீரிய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள்.

வெறுங்கால்னு சொன்னதும் ஞாபகம் வருது. 1948 ஒலிம்பிக்ல இந்தியா ஆடுனது இந்த லீக் கிரவுண்டுலயா?

கிட்டத்தட்ட. இந்தியா பிரான்ஸோடு ஆடியது இல்ஃபோர்டில், 1948 ஜூலை 31. ஆனால் இல்ஃபோர்ட் கிளப் இஸ்த்மியன் லீக்கைச் சேர்ந்தது, ஏதெனியன் இல்லை. குவிஸ்ஸில் யாராவது இப்படிக் கேட்டால் மாட்டிக்கொள்ளாதீர்கள். லண்டன் ஒலிம்பிக் கால்பந்தின் ஆரம்பச் சுற்றுகளைப் பல மைதானங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். வால்தம்ஸ்டோ அவென்யூவின் கிரீன் பாண்ட் ரோடு மைதானமும் அதில் ஒன்று. அன்றைக்கு ஒலிம்பிக்கே அமெச்சூர்களுக்கான போட்டிதானே.

அந்த ஆட்டத்தைச் சொல்லாமல் போக மனது வரவில்லை. இந்திய அணியின் கேப்டன் டாக்டர் தாலிமேரன் ஆவ். பெரும்பாலோர் வெறுங்கால். கிடைத்த இரண்டு பெனால்டியையும் கோட்டைவிட்டோம். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டு 1-1 ஆக்கினார். கடைசி நேரத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1. அடுத்த ஒலிம்பிக்கில், 1952 ஹெல்சிங்கியில், யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கிய பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது.

சம்பளமே இல்லாம இத்தனை வருஷம் எப்படி ஆடுனாங்க? நம்புற மாதிரி இல்லையேண்ணே.

நம்ப வேண்டாம். அங்கேயே யாரும் நம்பவில்லை. பயணப்படி என்று ஒன்று உண்டு, அது பேருந்துக் கட்டணத்தைவிட ரொம்பப் பெரியதாக இருக்கும். ஆட்டம் முடிந்து உடை மாற்றப் போனால் ஷூவுக்குள் பணம் மடித்து வைத்திருக்கும். இதற்கு அங்கே கேலிப் பெயரெல்லாம் உண்டு. 1960-களில் இது ஊரறிந்த ரகசியம்.

நம்ம பக்கத்தில் இதற்குச் சமம் ஸ்போர்ட்ஸ் கோட்டா. ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை கொடுத்து ஆட வைப்பதை நாம் தப்பு என்று நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. ஆடுகிறவனுக்குக் காயம் பட்டாலும் மாதச் சம்பளம் வருகிறது, ஓய்வு பெறும்வரை வேலை நிற்கிறது. அங்கே ஷூவுக்குள் வைத்த காசுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. காயம் பட்டால் அடுத்த சனிக்கிழமை ஷூ காலிதான். வெளிப்படையாகக் கொடுத்திருந்தால் குறைந்தபட்சம் கணக்காவது கேட்டிருக்கலாம்.

உலகப் போர் சமயத்துல என்ன பண்ணாங்க?

லீக்கை நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் போரின்போது பார்னெட் போன்ற வடக்கு, மேற்கு லண்டன் கிளப்புகள் ஹெர்ட்ஸ் அண்ட் மிடில்செக்ஸ் லீக் என்று தற்காலிகமாக ஒன்றை நடத்தி ஆடினார்கள். 1945-ல் பழைய லீக்குகள் திரும்பின. அடுத்த வருடமே, 1946-ல், பார்னெட் அமெச்சூர் கோப்பையை எடுத்தது. இறுதி ஆட்டத்தில் பிஷப் ஆக்லாந்தை 3-2 என்று ஜெயித்தார்கள்.

1963ல என்னமோ பெரிய மாற்றம்னு சொல்றாங்களே, அது என்ன?

இரண்டு சங்கதி ஒரே சமயத்தில் நடந்தது. ஒன்று, 1962-63 குளிர்காலம். இங்கிலாந்தில் வாரக்கணக்கில் மைதானங்கள் உறைந்து கிடந்தன. டெல்ஃபியன் லீக் அந்த சீசனையே பாதியில் கைவிட்டு, பதிலுக்கு ஓர் அவசரப் போட்டியை நடத்த வேண்டி வந்தது.

இன்னொன்று, லீக்குகளின் இணைப்பு. 1963-ல் கொரிந்தியன், டெல்ஃபியன் இரண்டும் மூடப்பட்டன. அவற்றின் கிளப்புகளைச் சேர்த்துக்கொண்டு ஏதெனியன் பல டிவிஷன் உள்ள பெரிய லீக்காக வளர்ந்தது. வெளியில் பார்த்தால் வளர்ச்சி. ஆனால் அதே 1963-ல்தான் ஹெண்டன், என்ஃபீல்ட், சட்டன் யுனைடெட் மூன்றும் இஸ்த்மியனுக்குப் போய்விட்டன. ஹெண்டன் 1960-ல் அமெச்சூர் கோப்பை வென்ற அணி. தலையை எடுத்துவிட்டு உடம்பைப் பெருக்கிய மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் 1974ல அமெச்சூர்ங்கிறதையே எடுத்துட்டாங்களாமே? அதனாலதான் லீக் செத்துச்சா?

பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். முதலில் நடந்ததைச் சொல்கிறேன். கிரிக்கெட்டில் அமெச்சூர், சம்பளக்காரர் என்ற பிரிவை 1962-ல் எடுத்தார்கள். கால்பந்தில் 1968-ல் செஸ்டர் அறிக்கை, அதாவது ஆங்கிலக் கால்பந்தை ஆராய்ந்த குழுவின் அறிக்கை, அதையே பரிந்துரைத்தது. 1974-ல் எஃப்.ஏ. பிரிவை நீக்கியது. அதோடு அமெச்சூர் கோப்பையும் முடிந்தது. கடைசி இறுதி ஆட்டத்தில் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்ட் 4-1 இல்ஃபோர்ட். பிரிட்டனின் ஒலிம்பிக் கால்பந்து அணியும் அதோடு நின்றது.

அமெச்சூர் என்ற வேலி போனால் அந்த வேலிக்குள் இருந்த லீக்குக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இஸ்த்மியனும் அதே வேலிக்குள் இருந்த லீக்தான். அது இன்றைக்கும் நடக்கிறது. அப்படியானால் காரணம் வேறு எங்கேயோ இருக்கிறது.

சரி, உண்மையான காரணம்தான் என்ன? கடனா, சண்டையா?

இரண்டும் இல்லை என்பது என் கணிப்பு. மேல் லீக்கில் இடம் காலியானால்தான் போக முடியும் என்று முன்னால் சொன்னேன் அல்லவா? 1973-ல் இஸ்த்மியன் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. ராத்மன்ஸ் சிகரெட் கம்பெனியின் விளம்பரப் பணம் வந்த வருடமும் அதுதான். இரண்டாவது டிவிஷன் ஒன்றை உருவாக்கி, ஏதெனியன் கிளப்புகளைக் கொத்தாகக் கூப்பிட்டுக்கொண்டார்கள். 1977-ல் மூன்றாவது டிவிஷன். 1984-ல் அதையும் வடக்கு, தெற்கு என்று இரண்டாக்கினார்கள். மீதி இருந்த ஏதெனியன் கிளப்புகளுக்கும் இடம் கிடைத்தது. லீக்கில் ஆட ஆள் இல்லை. மூடினார்கள்.

கிளப் என்றால் மைதானம் உண்டு, ஆட்டக்காரர் உண்டு, கேட்டில் டிக்கெட் கிழிக்கிற ஆள் உண்டு. லீக் என்பது கிளப்புகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம், அவ்வளவுதான். ஜெயித்தால் மேலே போகலாம் என்று பக்கத்து லீக் சொல்லும்போது, ஜெயித்தாலும் இங்கேயேதான் என்கிற லீக்கில் யார் இருப்பார்கள்? ஏதெனியன் தோற்கவில்லை. அதன் கிளப்புகள் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டன.

அப்ப கிளப்புகளெல்லாம் நல்லா இருக்கா?

எல்லாம் இல்லை. லீக் போனதைவிட மைதானம் போனதுதான் பெரிய அடி. லண்டனில் நிலத்தின் விலை ஏற ஏற, நகருக்குள் இருந்த மைதானம் கிளப்பைவிட மதிப்பாகிவிட்டது. வெல்ட்ஸ்டோனின் லோயர் மீட் மைதானம் 1991-ல் போய், அங்கே டெஸ்கோ வந்தது. முன்னால் சூப்பர் மார்க்கெட் என்று சொன்னது இதைத்தான். வின்னி ஜோன்ஸும் ஸ்டூவர்ட் பியர்ஸும் பெரிய கிளப்புகளுக்குப் போகும்முன் ஆடிய மைதானம் அது. என்ஃபீல்டின் சவுத்பரி ரோடு, சவுத்ஹாலின் வெஸ்டர்ன் ரோடு, ஹெண்டனின் கிளேர்மான்ட் ரோடு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஒலிம்பிக் ஆட்டம் கண்ட கிரீன் பாண்ட் ரோடிலும் இப்போது வீடுகள்.

நல்லபடியாகப் போனவர்களும் உண்டு. பார்னெட் 1991-ல் ஃபுட்பால் லீக்கில், அதாவது சம்பளம் கொடுக்கிற பெரிய கிளப்புகளின் தேசிய லீக்கில், ஏறியது. சட்டன் யுனைடெட் 2021-ல், பிராம்லி 2024-ல். 1949-ல் வெம்ப்ளியில் ஜெயித்த பிராம்லி அந்த இடத்துக்கு வர எழுபத்தைந்து வருடம் ஆனது. அந்தச் செய்தி வந்த அன்று நான் இங்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று ஒருத்தருக்கும் புரியவில்லை.

ஒரே கிளப்புக்கு நாலஞ்சு பேரு வருதே, எதை வச்சுப் புரிஞ்சுக்கிறது?

கிளப்பின் பெயரை விட்டுவிட்டு ஊரையும் மைதானத்தையும் பிடியுங்கள். ஹெண்டன் கிளப் 1933 முதல் 1946 வரை கோல்டர்ஸ் கிரீன். அதற்கு முன் ஹாம்ப்ஸ்டெட். போருக்கு முந்தைய பட்டியலில் ஹெண்டனைத் தேடினால் கிடைக்காது. ஃபின்ச்லி 1991-ல் விங்கேட் கிளப்போடு இணைந்து விங்கேட் அண்ட் ஃபின்ச்லி ஆனது. இதில் விங்கேட், யூத வெறுப்புக்குப் பதில் சொல்ல 1946-ல் யூதர்கள் தொடங்கிய கிளப்.

தலை சுற்றுகிற கணக்கு ஒன்று உண்டு. லெய்ட்டன்ஸ்டோனும் இல்ஃபோர்டும் 1979-ல் இணைந்தன. அந்தக் கிளப் 1988-ல் வால்தம்ஸ்டோ அவென்யூவோடு இணைந்து, பிறகு ரெட்பிரிட்ஜ் ஃபாரஸ்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அது 1992-ல் டாகன்ஹாமோடு இணைந்து டாகன்ஹாம் அண்ட் ரெட்பிரிட்ஜ். அந்தக் கிளப் 2007-ல் ஃபுட்பால் லீக்குக்குப் போனது. ஒரு சட்டைக்குள் நான்கு ஊர்.

இதே மாதிரி ஒரு லீக்கை நம்ம ஊர்ல நடத்தலாமாண்ணே?

நடத்தலாம். நாம் டோர்னமென்ட் நடத்துகிற ஆட்கள். இரண்டு நாள் நாக்-அவுட், மைக் செட், பரிசுத்தொகை, முடிந்தது. லீக் என்றால் ஏழெட்டு மாதம் வாரம் தவறாமல் இரண்டு அணியும் ரெஃபரியும் வர வேண்டும். பரீட்சை, திருவிழா, மழை எல்லாவற்றுக்கும் தேதி மாற்றி, கடைசியில் இருக்கிற அணியும் கடைசி ஆட்டம்வரை வர வேண்டும். பணம் இரண்டாவது கவலைதான். அட்டவணையைக் கட்டிக்காக்கிற ஒரு செயலாளர் கிடைத்தால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

எங்க அக்கா வீடு ஹாரோல இருக்கு. லண்டன் போனா எதைப் பாக்கலாம்?

வெல்ட்ஸ்டோன் ஹாரோ பக்கம்தான், ஆனால் கிளப் இப்போது ஆடுவது ரைஸ்லிப்பில். அக்கா வீட்டிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. பழைய மைதானத்திலேயே ஆட்டம் பார்க்க வேண்டுமானால் தெற்கே பிராம்லியின் ஹேய்ஸ் லேன், இல்லை சட்டனின் காண்டர் கிரீன் லேன். பார்னெட்டின் பழைய அண்டர்ஹில் மைதானத்தைத் தேடிப் போக வேண்டாம். அங்கே இப்போது பள்ளிக்கூடம்.

ஜூன், ஜூலையில் டிக்கெட் போடாதீர்கள். சீசன் ஆகஸ்டிலிருந்து மே வரைதான். நம்ம ஊர் கோடை விடுமுறையை நம்பிப் போனால் ஏப்ரல் கடைசி ஆட்டங்களைப் பிடிக்கலாம். சனிக்கிழமை மூன்று மணி. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.